அட்வான்ஸ்: முன்பணமா, பிணைத்தொகையா?

சென்னையில் கடை போட இடம் பார்க்கப் போனால், வாடகையைச் சொன்ன கையோடு 'பத்து மாச அட்வான்ஸ்' என்பார்கள். கொடுக்கும்போது யாரும் அந்தச் சொல்லை யோசிப்பதில்லை. காலி செய்யும்போதுதான் அது வம்பாகிறது.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேர் பிற்கால லத்தீனின் 'அபான்தே'. 'முன்னாலிருந்து' என்று பொருள். நடுவில் இருக்கும் 'ட்' ஒலி மூலச் சொல்லில் இல்லை. 'அட்' என்ற லத்தீன் முன்னொட்டு என்று தவறாக நினைத்து, 16ஆம் நூற்றாண்டில் சேர்த்துவிட்டார்கள். ஆக, நேர்ப்பொருளில் அட்வான்ஸ் என்றால் முன்பணம். தச்சருக்கு அட்வான்ஸ் கொடுத்தால் கடைசிக் கணக்கில் கழியும். சம்பள அட்வான்ஸும் அப்படித்தான்.

கடை அட்வான்ஸ் அப்படிக் கழிகிற பணம் இல்லை. வாடகை பாக்கி, கரன்ட் பில், கட்டடச் சேதம் இவற்றுக்கு ஈடாக உரிமையாளரிடம் இருக்கும் பணம் அது. காலி செய்ததும் திரும்ப வர வேண்டும். ஆனால் பெயர் அட்வான்ஸ் என்றிருப்பதால் இரண்டு பக்கமும் குழப்பம். 'கடைசி மூணு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க' என்று வாடகைதாரர் கட்டாமல் நிறுத்துகிறார். உரிமையாளரோ அதைத் தனக்கு வந்த பணமாகவே எண்ணி, மாடி கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ செலவழித்துவிட்டு, 'அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுக்கட்டும், தர்றேன்' என்கிறார். சிறு வியாபாரிக்கு அது அடுத்த கடைக்கான முதல். அதை இப்படி மாதக்கணக்கில் முடக்குவது அநியாயம்.

சட்டமும் அதை ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கும் கடைக்கும் பொருந்தும். அதன் 11ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் இந்தத் தொகையை வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அடுத்த ஆள் வருவது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே 'வேறு உடன்பாடு' ஆகிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? டெபாசிட்டுக்கு வைப்புத்தொகை என்பது பழகிய சொல். ஆனால் வங்கியில் போடுவதும் வைப்புத்தொகைதான், எதற்காக வைக்கிறோம் என்பது அதில் தெரியாது. காப்புத்தொகை பரவாயில்லை. என் தேர்வு பிணைத்தொகை. பிணைத்தல் என்றால் ஒன்றோடொன்று கட்டுதல். ஒருவருக்காகப் பொறுப்பேற்பதும் பிணைதான், ஜாமீனுக்கும் அதே சொல். கடமை முடிந்தால் பிணை அவிழ வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பகடி வேறு விஷயம், இதோடு சேர்க்கக் கூடாது. இந்தியில் தலைப்பாகை என்று பொருள்படும் அச்சொல், இடம் பிடிப்பதற்காகக் கொடுக்கும் தொகையைக் குறிக்கும். பெரும்பாலும் ரசீதும் இருக்காது.

ஒப்பந்தத்தில் வெறுமனே 'அட்வான்ஸ்' என்று விடாமல், 'திருப்பித் தரத்தக்க, வட்டியில்லாப் பிணைத்தொகை' என்று எழுதுங்கள். எவற்றைக் கழிக்கலாம் என்பதையும் எழுதுங்கள். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது பல இடங்களில் வழக்கம். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அதைக் கேள்வி கேட்கலாம். சொத்து மாற்றுச் சட்டம் 1882இன் 108ஆம் பிரிவு, இயல்பான தேய்மானம் போக, வாங்கிய நிலையில் ஒப்படைத்தால் போதும் என்கிறது. சுவர் நிறம் மங்கியது தேய்மானம். பெயர்ப்பலகை மாட்டச் சுவரைக் குடைந்தது சேதம், அதை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். நீங்கள் போட்ட அலமாரி, ஏசி போன்றவற்றை இடம் உங்கள் வசம் இருக்கும்போதே கழற்றிவிடுங்கள்.

பணம் வராவிட்டால் சாவியைத் தர மாட்டேன் என்று பிடித்து வைப்பவர்கள் உண்டு. கோபம் புரிகிறது, ஆனால் சாவி உங்களிடம் இருக்கும்வரை இடம் உங்கள் வசம் என்று சொல்லி வாடகை கேட்பார்கள். அதைவிட, ஒப்பந்தப்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, கடைசி மின் அளவீட்டுக்குப் பணம் கட்டி, காலி இடத்தைப் படமெடுத்து, சாவி பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஜிஎஸ்டி பதிவில் அந்த முகவரி இருந்தால் மாற்றிவிடுங்கள், உரிமையாளர் சொல்லக்கூடிய ஒரு சாக்கு குறையும். ஒரு மாதம் தாண்டினால், சாவி ஒப்படைத்த தேதியையும் 11ஆம் பிரிவையும் குறிப்பிட்டு வழக்கறிஞர் மூலம் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதிலும் பிணைத்தொகை என்றே எழுதச் சொல்லுங்கள்.