மசில் கார் ஏன் அப்படி உறுமுகிறது?

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒட்டிய உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் வரிசைகட்டி ஊர்ந்து போகும். 1995-ல் தொடங்கிய இந்த ஊர்வலத்துக்குப் பெயர் உட்வர்ட் ட்ரீம் குரூஸ். அறுபதுகளில் இதே சாலையில் சிக்னலுக்கு சிக்னல் ரேஸ் விட்டவர்கள் இன்று ஓரமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பழைய வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறம், விலை, அப்பாவுக்குத் தெரியாமல் ஓட்டியது எல்லாம் வரும். ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றிச் சத்தத்தில்தான் வந்து நிற்கும். வண்டி நகராமல் நிற்கும்போதே வருமே, அந்த உறுமல்.

அது பவரின் சத்தம் என்று பலரும் நம்புகிறார்கள். சிக்னலில் சும்மா நிற்கும் எஞ்சினிடம் காட்டுவதற்குப் பவர் ஏது? அந்த உறுமலுக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பணக்காரர்களின் சொகுசுப் பயணத்துக்காகச் செய்த ஏற்பாடு. மற்றது ரேஸுக்காகச் செய்தது. இரண்டிலுமே சத்தத்தை யாரும் திட்டமிடவில்லை.

மசில் கார் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1964-ல் போன்டியாக் நிறுவனம் டெம்பெஸ்ட் என்ற நடுத்தர அளவுக் காரில், பெரிய கார்களுக்கான 389 கன அங்குல வி-8 எஞ்சினைப் போட்டு ஜிடிஓ என்று விற்றது. நம் கணக்கில் சுமார் 6.4 லிட்டர். அந்த அளவுக் கார்களில் 330 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் விதி வைத்திருந்தது. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவரது சகாக்களும், இது புது மாடலே இல்லை, பழைய மாடலுக்கு ஒரு கூடுதல் ஆப்ஷன் என்று சொல்லி விதியைத் தாண்டினார்கள். 325 குதிரைத்திறன், எடை குறைந்த உடம்பு, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை. ஓடோ ஓடென்று ஓடியது. அப்புறம் எல்லா நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின.

சரி, எஞ்சினுக்குள் போவோம்.

வி-8 என்றால் பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள், இரண்டு வரிசையும் பெரும்பாலும் 90 டிகிரி கோணத்தில் சாய்ந்திருக்கும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் எட்டு பிஸ்டன்களும் அடியில் இருக்கும் கிராங்க் ஷாஃப்ட் என்ற ஒரே தண்டைச் சுழற்றுகின்றன. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு, அதாவது 720 டிகிரிக்கு ஒருமுறை வெடிக்கும். எட்டால் வகுத்தால் 90 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. எண்ணிக்கையைப் பார்த்தால் சீரான இடைவெளிதான். பிறகு ஏன் காதில் தடுமாற்றமாகக் கேட்கிறது?

கேடிலாக் நிறுவனம் 1914-ல் வி-8 காரைக் கொண்டுவந்தபோது, அதன் கிராங்க் ஷாஃப்டின் முழங்கைகள், அதாவது பிஸ்டன்கள் வந்து இணையும் வளைவுகள், எல்லாம் ஒரே தளத்தில் இருந்தன. பாதி மேலே, பாதி கீழே. இதில் ஓர் அதிர்வுப் பிரச்சினை உண்டு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து போவதால், பிஸ்டன் தன் பாதையின் மேல் பாதியைக் கீழ் பாதியைவிட வேகமாகக் கடக்கிறது. ஒரு பிஸ்டன் மேலே போகும்போது இன்னொன்று கீழே வந்தாலும் இரண்டின் விசையும் முழுதாக ஈடுகட்டப்படுவதில்லை. மிச்சமிருக்கும் விசை, சுற்றும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் வண்டியை உதறும். கேடிலாக் வாங்கும் ஆளுக்கு இது பிடிக்குமா? 1923-ல் அவர்கள் முழங்கைகளை 90 டிகிரி இடைவெளியில், நேராகப் பார்த்தால் கூட்டல் குறி போலத் தெரியும்படி மாற்றி அமைத்தார்கள். அந்த உதறல் விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போயின. எஞ்சினின் இரு முனைகளும் மாறி மாறி ஆடும் ஆட்டத்தை அடக்கக் கனமான எதிர்எடைகளைக் கிராங்கில் சேர்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அமெரிக்க வி-8 ஏறக்குறைய எல்லாமே பின்னாளில் இந்த வழிக்கு வந்துவிட்டன.

ஆனால் இப்படி மாற்றியதில் வெடிக்கும் வரிசை மாறியது. 1955-ல் வந்த புகழ்பெற்ற செவர்லே வி-8-ன் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் இடது பக்கம், இரட்டைப்படை வலது பக்கம். கூடவே மேஜையில் தட்டிப் பாருங்கள்: இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது. இரண்டு கையும் சேர்ந்து கேட்டால் சீரான தாளம். இடது கையை மட்டும் கவனித்துக் கேளுங்கள், தாளம் நொண்டும். டிகிரியில் சொன்னால் இடது பக்கத்து வெடிப்புகளுக்கு இடையே 270, 180, 90, 180 என்று இடைவெளி மாறிக்கொண்டே இருக்கிறது.

எஞ்சினின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி சைலன்சர் என்றால், காது கேட்பது அந்த ஒற்றைக் கையைத்தான். 90 டிகிரி இடைவெளியில் வரும் 5-ம் 7-ம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் வேறு. இரண்டின் புகையும் ஒரே குழாயில் முட்டிக்கொண்டு ஒரு பெரிய அடியாக வெளியே வரும். அடுத்ததற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐடிலில், அதாவது வண்டி நிற்கும்போது சும்மா ஓடிக்கொண்டு, இருப்பதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 10 சுற்று, 40 வெடிப்பு. இந்த நொண்டித் தாளம் முழுதாக ஒருமுறை முடிய இரண்டு சுற்று வேண்டும் என்பதால் அது விநாடிக்கு 5 முறை திரும்ப வருகிறது. விநாடிக்கு சுமார் 20-க்குக் கீழே துடிப்பவற்றை நம் காது ஒரே ஸ்வரமாகச் சேர்த்துக் கேட்பதில்லை, தனித்தனி அடிகளாகவே எண்ணுகிறது. அதனால்தான் கடகடவென்ற அந்த அடித்தொண்டைச் சத்தம். நம்மூர் புல்லட்டின் டப்டப் வேறு வகை. அதில் ஒரே சிலிண்டர், இடைவெளி நீளமே தவிரச் சீரானது.

இதில் குழாய்க்கு அவ்வளவு பங்கு உண்டா என்று சந்தேகம் வரலாம். ஃபோர்ட் ஜிடி40 ரேஸ் காரில் அதற்குப் பதில் இருக்கிறது. அதிலும் இதே கூட்டல் குறி கிராங்க்தான். ஆனால் இரு பக்கத்துக் குழாய்களையும் பின்னிப் பிணைத்து, ஒவ்வொரு கூட்டுக் குழாயிலும் அடிகள் 180 டிகிரிக்கு ஒன்றாகச் சீராக வரும்படி செய்தார்கள். உறுமல் போய்க் கிட்டத்தட்ட ஃபெராரி போல ஒரு கீச்சுக் குரல் வந்துவிட்டது. ஃபெராரியின் வி-8 எஞ்சின்களில் இருப்பது பழைய ஒரே தளக் கிராங்க். அங்கே இடதும் வலதும் மாறி மாறி வெடிக்கும், நொண்டலே கிடையாது. பிற்காலத்தில் 2016 மாடல் ஷெல்பி ஜிடி350 மஸ்டாங்கில் ஃபோர்டும் அந்தக் கிராங்கைப் போட்டது. எஞ்சின் 8,250 சுற்று வரை ஏறும். பழைய மஸ்டாங் ரசிகர்களில் சிலருக்கு அது மஸ்டாங்காகவே கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இனி இரண்டாவது காரணம். உறுமலுக்கு மேலே இன்னொரு தடுமாற்றம் உண்டு. எஞ்சின் இதோ நின்றுவிடப் போகிறது என்பது போலத் தயங்கி, சட்டென்று தன்னைப் பிடித்துக்கொண்டு ஓடும். காரே லேசாகக் குலுங்கும். எனக்கு மிகவும் பிடித்த சத்தம் இதுதான். உண்மையில் இது எஞ்சின் சரியாக எரியாததன் சத்தம்.

வால்வுகளை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைக் கேம் ஷாஃப்ட் முடிவு செய்கிறது. புகை வெளியேறும் வால்வு முழுதாக மூடுவதற்குள் காற்று நுழையும் வால்வு திறக்க ஆரம்பிக்கும். இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை ஓவர்லேப் என்பார்கள். 5,000 சுற்றில் இது பெரிய வரம். வேகமாக வெளியேறும் புகை தன் பின்னாலேயே புதுக்காற்றை இழுத்து சிலிண்டருக்குள் விட்டுவிட்டுப் போகும். அதனால் ரேஸ் கேம்களில் ஓவர்லேப் அதிகம். செவர்லேயின் 1967 கமாரோ இசட்/28 இப்படிப்பட்ட வண்டி. டிரான்ஸ்-ஆம் ரேஸின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்க 302 கன அங்குல எஞ்சின், உச்ச வேகத்தில் மட்டுமே உயிர் பெறும் கேம். விளம்பரத்தில் 290 குதிரைத்திறன் என்று அடக்கி வாசித்தார்கள்.

அதே கேமை ஐடிலில் ஓட்டினால் கதை தலைகீழ். அப்போது காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். காற்று உள்ளே வரும் குழாயில் அழுத்தம் குறைவு, புகை வெளியே போகும் குழாயில் அதிகம். இரண்டு வால்வும் திறந்திருக்கும் நேரத்தில் புகை உள்பக்கமாகத் திரும்பி வந்து புதுக் கலவையோடு கலந்துவிடும். ஒரு முறை அரைகுறையாக எரியும், ஒரு முறை எரியாமலே போகும், எரியாமல் மிஞ்சியது அடுத்த முறை நன்றாகப் பற்றும். எட்டு சிலிண்டரிலும் இது தாறுமாறாக நடக்கும்போது வரும் தள்ளாட்டத்தைத்தான் ரசிக்கிறோம்.

சொந்தக்காரர்கள் இதற்குக் கொடுக்கும் விலை சில்லறை இல்லை. எஞ்சினின் உறிஞ்சு விசையை நம்பியிருக்கும் பவர் பிரேக் பலவீனமாகி மிதி கல்லாகிவிடும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் கியர் போட்டதும் எஞ்சின் அணைந்துவிடலாம். பெட்ரோல் குடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சத்தத்துக்காகவே காசு வாங்கவும் பார்த்தது போன்டியாக். 1970 ஜிடிஓவில் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பிடி ஆப்ஷனாக வந்தது. இழுத்தால் சைலன்சரின் தடை குறையும், உறுமல் கூடும். நிர்வாகத்துக்கு அது பிடிக்காமல் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1975-ல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. அந்த வருடத்துச் செவர்லே கார்வெட் காரில் இரண்டு பக்கத்துப் புகையும் ஒரே கன்வெர்ட்டருக்குள் போய், பின்னால் அலங்காரத்துக்காக மறுபடியும் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு கையும் கலந்துவிட்டதால் நொண்டல் மழுங்கிப்போனது.

இன்று பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்களுக்குக் கடைகளில் எல்லாமே கிடைக்கிறது. இரு குழாய்களுக்கும் நடுவே குறுக்காக ஒரு சின்னக் குழாய் வைத்தால் உறுமல் பெரிதும் தங்கும். இரண்டையும் பெருக்கல் குறி போல இணைத்தால் அடிகள் கலந்து குரல் மெலிந்து உயரும். பவரைப் பற்றிக் கவலைப்படாமல் ஐடிலில் தள்ளாடுவதற்காகவே வடிவமைத்த கேம்கள்கூட விற்பனைக்கு உண்டு. புது வி-8 வைத்திருப்பவர்களுக்குக் கேமை மாற்றும் வேலையும் மிச்சம். எஞ்சின் கணினியில் ஐடில் நேரத்துத் தீப்பொறியை வேண்டுமென்றே முன்பின்னாகக் குழப்பிவிட்டால், நல்ல எஞ்சின் நோய் வந்தது போலத் தடுமாறும். இதற்கு ‘கோஸ்ட் கேம்’ என்று பெயர். சில வண்டிகளில் கணினி இதை நிஜமான மிஸ்ஃபயர் என்று நினைத்து ‘செக் எஞ்சின்’ விளக்கைப் போட்டுவிடும். டியூன் செய்பவர் அந்த விளக்கையும் சேர்த்தே அணைத்துத் தருகிறார்.