மதுரை வெயிலும் நெடுந்தொலைவு ஓட்டக்காரரின் கடிகாரமும்

ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே பயிற்சியைத் தொடங்கி, அலுவலகம் செல்வோர் சாலைக்கு வரும் நேரத்தில் முடித்துவிடுவது மதுரை ஓட்டக்காரர்களின் வழக்கம். வெயிலுக்கு அஞ்சித்தான் இப்படி என்பது உண்மையே. ஆனால் அந்த வெயில் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான், ஒரு தொழில்முறை ஓட்டக்காரரின் வாழ்வில் எந்த ஆண்டு எந்தப் போட்டியில் ஓடுவது என்ற முடிவுகள் வரை அது நீள்வது புரியும்.

ஓடுபவர் தம் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு, ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் 600 கிலோ கலோரி. அதில் முக்கால் பங்கு, அதாவது சுமார் 450, ஓட்டத்துக்குப் பயன்படாமல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அவருடைய உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 50 கிலோ கலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால், அரை மணி நேரத்தில் முடியும் அந்த ஓட்டத்தில் உடல் 9 டிகிரி சூடாகி 46ஐத் தொட்டிருக்கும். அதற்கு வெகு முன்பே உயிருக்கு ஆபத்து வந்துவிடும்.

காப்பாற்றுவது வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரியை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீரைக் குளிர வைக்கும் அதே இயற்பியல்தான். ஆனால் ஆவியாகும் வியர்வைக்கு மட்டுமே இந்த ஆற்றல் உண்டு. முழங்கையிலிருந்து சொட்டி டிராக்கில் விழுவதும், பனியனைப் பிழிந்தால் வழிவதும் உடலின் நீரையும் உப்பையும் வீணாக்குகின்றனவே தவிர, வெப்பத்தைக் குறைப்பதில்லை.

விடியற்காலையில் ஈரப்பதம் அதிகம், நண்பகலில் குறைவு. அப்படியானால் ஆவியாவதற்கு நண்பகல்தானே நல்லது என்று கேட்கலாம். 27 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள விடியற்காலைக் காற்றிலும், 39 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதமுள்ள பிற்பகல் காற்றிலும் இருக்கும் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. வியர்வை எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது, தோலின் மேலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றின் நீராவி அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளிதான்; செய்தியில் வாசிக்கப்படும் ஈரப்பதச் சதவீதம் இதைக் காட்டுவதில்லை. வேறுபாடு மற்றொன்றில் இருக்கிறது. தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. விடியற்காலையில் காற்று அதைவிடக் குளிர்ந்திருப்பதால், வியர்வையின் உதவியின்றியே கணிசமான வெப்பம் காற்றுக்குப் போய்விடுகிறது. மே மாதப் பிற்பகலிலோ காற்றே உடலைச் சூடாக்குகிறது. வெயிலும் தார்ச்சாலையின் அனலும் அதன்மேல் சேர்கின்றன.

அப்போது இதயத்துக்கு இரண்டு வேலைகள் வருகின்றன. தசைக்கு ஆக்ஸிஜனைக் கொண்டுசெல்ல வேண்டும். வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் இரத்தத்தை அனுப்ப வேண்டும். வியர்த்து இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையக் குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் அளவு சுருங்குகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. இறுதியில் வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மன உறுதி குறைந்துவிட்டதென்று பயிற்சியாளர்கள் கடிந்துகொள்ளும் பல தருணங்களில் உண்மையில் குறைந்திருப்பது இரத்தத்தின் கன அளவுதான்.

2017 ஜூலையில் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில், நம் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. லட்சுமணன் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 5,000 மீட்டரை அவர் ஓடிய நேரம் 14 நிமிடம் 54 விநாடி. அடுத்த மாதமே, இலண்டனில் நடந்த உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில், அதே தொலைவை 13 நிமிடம் 35 விநாடியில் ஓடினார். பதக்கத்துக்காக ஓடுபவர்கள் தொடக்கத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவதுண்டு; ஆகவே இந்த வேறுபாடு முழுவதையும் வெப்பத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் நேரத்தை மட்டும் வைத்து வீரரை எடைபோடுவது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2019இல் கத்தாரின் தோகாவில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் மாரத்தான் நள்ளிரவில் தொடங்கியும், புறப்பட்ட 68 பேரில் 40 பேர்தான் முடித்தனர். டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான், வெப்பத்தைக் காரணம் காட்டியே வடக்கிலுள்ள சப்போரோவுக்கு மாற்றப்பட்டது.

உடல் வெப்பத்துக்குப் பழகும் என்பது நல்ல செய்தி. தொடர்ந்து 10 முதல் 14 நாட்கள் வெப்பத்தில் உடற்பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் கரைந்து போகும் உப்பும் குறைகிறது. ஆனால் மதுரையில் பிறந்து வளர்ந்தவர் என்பதற்காக இது தானாக வந்துவிடாது. விடியலில் மட்டும் ஓடிவிட்டுப் பகலெல்லாம் ஏசி அறையில் இருப்பவரின் உடலுக்கு அரைகுறைப் பழக்கமே கிடைக்கும். சில வாரங்கள் விட்டுவிட்டால் வந்ததும் போய்விடும்.

பேருந்தில் சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் கொடைக்கானல், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், வேறொரு மாற்றத்தைத் தருகிறது. அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைவதால், சிறுநீரகம் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. மூன்று நான்கு வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. மலை சிவப்பணுவைக் கூட்டுகிறது, சமவெளியின் வெயில் இரத்தத்தின் நீர்ப்பகுதியைக் கூட்டுகிறது. ஆனால் மலைக்குளிரில் தங்கியிருக்கும்போது வெப்பப் பழக்கம் கரைந்துபோகும். வெயில் காலப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே கீழே இறங்கிவிடுவதா, குளிர்நாட்டுப் போட்டி என்றால் இன்னும் சில நாட்கள் மேலேயே இருந்துவிடுவதா என்பதைப் போட்டி நடக்கும் ஊரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குடிப்பதிலும் சிறு கணக்கு உண்டு. வியர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீரில் அதிகம் இருப்பதோ பொட்டாசியம். உப்புப் போட்ட நீர்மோர் இந்த இழப்பை அதைவிட நன்றாக ஈடுசெய்யும் என்பேன். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது இரத்தத்தின் சோடியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், எவ்வளவு குடிக்கலாம் என்பது தெரிந்துவிடும்: 60 கிலோவாக இருந்தவர் 58.8 ஆகத் திரும்பினால், இடையில் எதுவும் குடிக்காதிருந்தால், போனது ஏறத்தாழ 1.2 லிட்டர்.

தொழில்முறை ஓட்டக்காரர் களத்தில் நீடிக்கும் காலம் குறுகியது என்பார்கள். நெடுந்தொலைவு ஓட்டத்தில் அது முழு உண்மையன்று. உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் உச்ச அளவு முப்பதுகளில் மெல்லச் சரிந்தாலும், ஒரே வேகத்துக்குக் குறைந்த ஆற்றலைச் செலவிடும் சிக்கனம் பல்லாண்டுப் பயிற்சியால் கூடுகிறது. கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2003இல், 18 வயதில், 5,000 மீட்டரில் உலகப் பட்டம் வென்றார். 2013இல் மாரத்தானுக்கு வந்தார். 2022இல், 37 வயதில், பெர்லினின் இளங்குளிரில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடி முடித்தார். முன்னணி வீரர்களின் மாரத்தானுக்கு மிகவும் ஏற்ற வெப்பநிலை 10 டிகிரியை ஒட்டியது. மதுரையின் தை மாத விடியலே பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை.

அதனால் உள்ளூரில் மட்டும் ஓடும் ஒருவரின் மாரத்தான் நேரம் அவருடைய உண்மையான திறனைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே தெரியும்; விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கோ, தேசிய முகாமுக்கோ தேர்வு செய்பவர்கள் பார்ப்பது அந்த எண்ணைத்தான். பயிற்சிக் குறிப்பேட்டில் நேரத்துக்குப் பக்கத்திலேயே அன்றைய வெப்பநிலையையும் நாடித்துடிப்பையும் எழுதிவைப்பவருக்கு, குறைந்தபட்சம் தம் நிலை தமக்காவது தெரிந்திருக்கும். குளிர்ந்த ஊரில் நடக்கும் ஒரு போட்டிக்குப் பயணச்செலவு செய்வது தகுமா என்பதையும் அதைக் கொண்டே அவர் முடிவு செய்யலாம்.