விதைக்காத நெல்லுக்கு வாங்கிய அச்சாரம்

அமெரிக்கத் தரகு நிறுவனங்களில் வேலை செய்யும் எங்கள் வன்னிப் பிள்ளைகள் சிலர், சீரிஸ் 4 பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று என்னைக் கேட்கிறார்கள். ஒப்ஷன் என்பது பேசிய விலைக்கு, பேசிய தவணைக்குள் பங்கை வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை. வாடிக்கையாளர்களின் ஒப்ஷன் வர்த்தகத்தை மேற்பார்வை செய்பவர்களுக்கு, அமெரிக்கத் தரகு நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பான ஃபின்ரா நடத்தும் பரீட்சை அது. 125 வினாக்கள், 3 மணி 15 நிமிடம், சித்தியடைய 72 சதவீதம்.

முதல் தடவை நான் தவறினேன். மறுபடி எழுத 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால் விடுமுறை எடுத்துக்கொண்டு எங்கள் ஊரான உருத்திரபுரத்துக்கு வந்தேன். காலபோக அறுவடைக் காலம். முற்றத்துப் படங்கில் நெல் காய்ந்துகொண்டிருக்க, அதைக் காலால் கிளறியபடியே பெரியப்பா கேட்டார், என்ன படிக்கிறாய் என்று.

காணிக்கு அச்சாரம் கொடுப்பதை வைத்துச் சொன்னேன். பேசிய விலைக்கு, பேசிய தவணைக்குள் வாங்கும் உரிமை காசு கொடுத்தவனுக்கு. வாங்காவிட்டால் அந்தக் காசு போய்விடும். காணியில் அச்சாரம் விலையோடு கழியும், ஒப்ஷனில் கழியாது, அது ஒரு வித்தியாசம். பெரியப்பா சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: “விதைக்கவே இல்லாத ஒருவன், இந்த விலைக்கு நெல் தருகிறேன் என்று காசை வாங்கினால் அவனைத் தடுக்க ஆள் இல்லையா தம்பி?”

நான் தவறியது அந்த இடத்தில்தான். இலாப நட்டக் கணிப்பெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. கையில் பங்கு இல்லாத ஒருவர், 55 டொலருக்கு விற்கும் கடப்பாட்டை ஏற்று, அதற்குப் பங்குக்கு 2 டொலர் வீதம் காசு வாங்குகிறார். ஓர் ஒப்பந்தம் 100 பங்கு. வந்தது 200 டொலர். பங்கு 90 டொலருக்கு ஏறினால், 90க்கு வாங்கி 55க்குக் கொடுக்க வேண்டும்; வந்த 200 போக அவருக்கு நட்டம் 3,300 டொலர். இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் பரீட்சை என்னை வியாபாரியாக வைத்துக் கேட்கவில்லை. இந்த மனிதருக்கு ஒப்ஷன் வர்த்தகக் கணக்கைத் திறக்க அனுமதித்தது யார், எதைப் பார்த்து அனுமதித்தார் என்று கேட்டது.

திரும்பிப் படித்தபோது, ஒப்ஷன் பற்றிய ஃபின்ராவின் 2360ஆம் விதியை அந்தக் கண்ணோடு வாசித்தேன். அபாயங்களை விளக்கும் கையேடு, கணக்கை அனுமதிக்கும்போதோ அதற்கு முன்போ வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவர் ஒப்பமிட்ட உடன்படிக்கை அனுமதித்து 15 நாளுக்குள் நிறுவனத்துக்கு வந்திருக்க வேண்டும். பங்கு இல்லாமல் விற்கக் கேட்பவருக்குத் தனியான எழுத்து விளக்கம் கொடுக்க வேண்டும். நாள் எண்ணிக்கையை மட்டும் மனனம் செய்தால் மறந்துபோகும். அந்தத் தாள் இல்லாவிட்டால் யாருடைய காசு போகும் என்று நினைத்துப் படித்தால் மறக்காது. படிக்க வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலையும் இதுதான்: இலாப நட்டக் கணிப்பு வினாக்களை ஒரு கிழமைக்கு மூடிவைத்துவிட்டு, ஒப்ஷன் கணக்குத் திறக்கும் விண்ணப்பப் படிவம் ஒன்றை வரிவரியாக வாசிக்க வேண்டும்.

விளம்பர விதிகளைப் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். அபாயக் கையேடு கிடைக்காத ஒருவருக்கு அனுப்பும் விளம்பரத்தில் பழைய இலாபத்தையும் காட்டக்கூடாது, வரப்போகும் இலாபத்தையும் சொல்லக்கூடாது. இந்த விதியின் அருமை எனக்கு ஊரில்தான் விளங்கியது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் கைத்தொலைபேசியோடு வந்தான். ஒப்ஷன் வர்த்தகம் என்று சொல்லி நடத்தப்படும் ஒரு வாட்ஸ்அப் குழு. மேலே தள்ளத் தள்ள இலாபப் படங்கள்தான். ஒரு கையேடு இல்லை, பொறுப்பான ஒருவரின் பெயர் இல்லை. நான் படிவத்தில் உள்ள கேள்விகளையே அவனிடம் கேட்டேன். வருமானம் எவ்வளவு? இழந்தாலும் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு? போட்ட காசு யாருடையது? மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் வந்தது. அக்காவின் சங்கிலியை அடகு வைத்த காசு.

மிச்சத்தை எடுத்துவிடு என்றேன். அவன் கேட்டதும், முதலில் வரி கட்டினால்தான் காசு வெளியே வரும் என்று பதில் வந்தது. மோசடிக்காரர்கள் கடைசியாகக் கறக்கும் வழி அது. அதைக் கட்டாதே என்று கையைப் பிடித்துச் சொன்னேன். குழுவில் வந்த செய்திகளையும் காசு போட்ட வங்கிச் சிட்டைகளையும் அழிந்துபோகும் முன் படம் எடுத்து வைத்தோம். மறுநாள் காலை அக்காவையும் கூட்டிக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனோம்.