பாட்டை மாற்றும் முன் கோப்பைப் பாருங்கள்

வினாடிக்கு 128 கிலோபிட்டில் இருக்கும் எம்பி3 பாட்டை 320-க்கு மாற்றினால் கோப்பு இரண்டரை மடங்கு பெருக்கும். பாட்டு முன்பைவிடக் கொஞ்சம் கெடும். எம்பி3, ஏஏசி, ஓபஸ் எல்லாமே காது கவனிக்காது என்று கணக்கிட்ட பகுதியை வீசிவிட்டு மிச்சத்தைச் சேமிப்பவை. வீசியதைத் திரும்பக் கொண்டுவர எந்த நிரலாலும் முடியாது. இரண்டாம் முறை மாற்றும்போது அந்த மிச்சத்திலிருந்தும் கொஞ்சம் போகிறது. கைதட்டல், ஜால்ரா, தம்பூராவின் மெல்லிய ரீங்காரம் இவைதான் முதலில் அடிபடும். தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல ஒரு சலசலப்பு வரும்.

கட்டளை வரியில், அதாவது டெர்மினல் சன்னலில் கட்டளைகளைத் தட்டி வேலை செய்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரே வரியில் 500 பாட்டுகளை மாற்றிவிடலாம் என்பது எவ்வளவு வசதியோ, ஒரு எழுத்துத் தவறு 500 பாட்டுகளிலும் பதிந்துவிடும் என்பதும் அவ்வளவு உண்மை.

இந்த வேலைக்கு இரண்டு நிரல்கள் போதும். ஒன்று எஃப்எஃப்எம்பெக், ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் தொடங்கியது. அதனுடன் எஃப்எஃப்புரோப், எஃப்எஃப்பிளே என்ற இரண்டு துணை நிரல்களும் வரும். மற்றொன்று சாக்ஸ், 1991-இலிருந்து இருக்கிறது, ஒலிக்கென்றே எழுதப்பட்டது. உபுண்டு, டெபியன் கணினிகளில் சாக்ஸை மட்டும் நிறுவினால் எம்பி3 கோப்பைத் திறக்க மறுக்கும். லிப்சாக்ஸ்-எஃப்எம்டி-எம்பி3 என்ற தொகுப்பையும் சேர்த்து நிறுவ வேண்டும். சாக்ஸில் ஏதோ கோளாறு என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கீழே கட்டளைகளை வாயால் சொல்வதுபோல எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும்; ஹைஃபன், முக்காற்புள்ளி, அடிக்கோடு, சமக்குறி ஆகியவற்றைச் சொல்லோடு ஒட்டியே எழுத வேண்டும்.

முதல் வேலை பார்ப்பது. எஃப்எஃப்புரோப் என்று தட்டி, கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஆடியோ என்று தொடங்கும் வரியில் எந்த கோடெக் (ஒலியைக் குறியேற்றிய முறை), வினாடிக்கு எத்தனை சாம்பிள் (ஒலியை அளந்த முறை), எத்தனை சானல், என்ன பிட்ரேட் (வினாடிக்கு எத்தனை கிலோபிட்) என்று வந்துவிடும். பெயரின் கடைசியில் இருக்கும் எம்பி3 என்ற ஒட்டை நம்ப வேண்டாம். உள்ளே ஏஏசி இருந்தாலும் பெயரை யாரும் எப்படியும் மாற்றி வைக்கலாம். எஃப்எஃப்புரோப் உள்ளே இருப்பதைத்தான் படிக்கிறது.

ஆனால் கோப்பு தன்னை 320 என்று சொன்னால் அது முதலிலிருந்தே 320-ஆ, 128-ஐ ஊதிப் பெரிதாக்கியதா என்று எஃப்எஃப்புரோப்புக்குத் தெரியாது. அதற்குச் சாக்ஸ். சாக்ஸ், கோப்பின் பெயர், ஹைஃபன் என், ஸ்பெக்ட்ரோகிராம் என்று தட்டினால் அதே ஃபோல்டரில் ஸ்பெக்ட்ரோகிராம் என்ற பெயரில் ஒரு பிஎன்ஜி படம் உருவாகும். கிடையாக நேரம், செங்குத்தாக அதிர்வெண். 128-இல் செய்த எம்பி3 பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல முடியும். நல்ல 320 என்றால் 20 வரை போகும். 320 என்றோ, எதையும் வீசாமல் சுருக்கும் ஃபிளாக் என்றோ பெயர் சொல்லும் கோப்பில் 16-க்கு மேல் வெறும் கறுப்பாக இருந்தால் அது இடையில் எங்கோ நசுங்கி வந்த பாட்டு. ஒரு எச்சரிக்கை: பழைய ஒலிப்பதிவுகளிலும் கேசட்டுகளிலும் உச்ச அதிர்வெண்கள் இயல்பாகவே குறைவு. அங்கே ஒலி படிப்படியாக மங்கும், நேர்கோட்டில் வெட்டுப்படாது. மங்கலைப் பார்த்து நல்ல பதிவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து, மாற்றத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். எம்பி4 வீடியோவிலிருந்து பாட்டை மட்டும் எடுக்கிறவர்கள் பலரும் நேரே எம்பி3 ஆக்குகிறார்கள். உள்ளே இருப்பது ஏஏசி என்றால் அதை அப்படியே உருவி எடுக்கலாம்: எஃப்எஃப்எம்பெக், ஹைஃபன் ஐ, வீடியோவின் பெயர், ஹைஃபன் விஎன், ஹைஃபன் சி முக்காற்புள்ளி ஏ, காப்பி, கடைசியில் எம்4ஏ என்று முடியும் புதுப் பெயர். ஒரு மணி நேரக் கச்சேரிகூடச் சில வினாடிகளில் முடிந்துவிடும். ஒலியில் ஒரு பிட்கூட மாறாது. இதில் விஎன் என்பது வீடியோ வேண்டாம் என்று சொல்வது. ஆல்பத்தின் அட்டைப்படத்தையும் எஃப்எஃப்எம்பெக் வீடியோவாகத்தான் எண்ணுகிறது. பாட்டுக் கோப்பில் பழக்கதோஷமாக விஎன் போட்டால் அட்டைப்படம் போய்விடும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், மூலம் சுருக்காத வேவ் கோப்பாகவோ சிடியாகவோ இருக்கும்போது முதலில் ஃபிளாக் ஆக்குங்கள். சிடித் தரத்தில், அதாவது வினாடிக்கு 44,100 சாம்பிள், 16 பிட், இரண்டு சானலில், ஒரு நிமிடத்துக்கு வேவ் சுமார் 10 மெகாபைட் எடுக்கும். ஃபிளாக் அதை ஏறத்தாழ பாதியாகக் குறைக்கும், எதையும் வீசாமல். போனுக்கும் காருக்கும் வேண்டிய எம்பி3-ஐ அந்த ஃபிளாக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கு வேறு வடிவம் வந்தாலும் அதிலிருந்தே எடுக்கலாம்.

எம்பி3 எடுக்கும்போது தரத்தைச் சொல்லாமல் விட்டால் எஃப்எஃப்எம்பெக் தானாக 128 கிலோபிட் என்று வைத்துக்கொள்ளும். கேட்காது, எச்சரிக்காது. மூலத்தையும் புதுப் பெயரையும் மட்டும் கொடுத்து மாற்றிய பாட்டுகள் பொலிவிழந்து போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஹைஃபன் க்யூ முக்காற்புள்ளி ஏ என்று போட்டு, பக்கத்தில் 2 கொடுங்கள்; சராசரியாக 190 கிலோபிட் வரும். 0 கொடுத்தால் 245 அருகே. இங்கே எண் சிறிதாகத் தரம் கூடும். நிறையத் தரம் வேண்டும் என்று 9 போட்டால் மிக மோசமான எம்பி3 கிடைக்கும்.

24 பிட் பதிவை 16 பிட் ஆக்கும்போது டிதர் என்ற மிக மெல்லிய இரைச்சலைக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் பாட்டு தேய்ந்து அடங்கும் இடங்களில் ஒலி பிசிறடிக்கும். சாக்ஸ் இதைத் தானாகச் செய்கிறது. எஃப்எஃப்எம்பெக் நீங்கள் சொன்னால்தான் செய்யும். அதனால் இந்த ஒரு வேலையைச் சாக்ஸிடம் கொடுப்பதே நிம்மதி.

ஆனால் அதே சாக்ஸில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. புதுக் கோப்பின் பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு இருந்தால் எஃப்எஃப்எம்பெக் மேலெழுதலாமா என்று கேட்கும். சாக்ஸ் வழக்கமாகக் கேட்பதில்லை. இரண்டு பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்க நினைத்து, பிளே என்ற கட்டளைக்குப் பதிலாகச் சாக்ஸ் என்று தட்டி இரண்டு பெயர்களைக் கொடுத்தால், இரண்டாம் பாட்டின் மேல் முதல் பாட்டு எழுதப்படும். இரண்டாவது போனது போனதுதான். இரட்டை ஹைஃபன், நோ ஹைஃபன் கிளாபர் என்ற தேர்வைச் சேர்த்தால் சாக்ஸும் கேட்டுவிட்டே எழுதும். அதை எப்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் ஹைஃபன் ஒய் என்பது கேட்காமல் மேலெழுது, ஹைஃபன் என் என்பது இருந்தால் தொடாதே. இணையத்தில் கிடைக்கும் கட்டளையை ஒட்டும் முன் அதில் ஒய் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபோல்டர் முழுவதையும் மாற்ற, டெர்மினலில் கட்டளைகளை ஏற்று ஓட்டும் பாஷில், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரே கட்டளையைத் திரும்ப ஓட்டும் ஃபார் சுற்று எழுதுவார்கள். கோப்பின் பெயர் நிற்கும் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்கத் தவறினால், பெயரில் இடைவெளி உள்ள ஒவ்வொரு பாட்டும் இரண்டு மூன்று துண்டாக உடைந்து, அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பிழை வரும். கோப்புப் பெயர்களின் பட்டியலை வைத்து, அதை வரி வரியாகப் படிக்கும் வைல் ரீட் சுற்றில் ஓட்டுபவர்களுக்கு வேறொரு குழப்பம்: முதல் பாட்டு மாறும், அடுத்த பெயர்களில் முன்னெழுத்துகள் காணாமல் போகும், அல்லது சுற்று அங்கேயே நின்றுவிடும். விசைப்பலகையிலிருந்து ஏதாவது வருமா என்று காத்திருக்கும் எஃப்எஃப்எம்பெக், உங்கள் பட்டியலையே விழுங்கிவிடுவதால் வருவது இது. ஹைஃபன் நோஎஸ்டிடிஇன் என்று சேர்த்தால் சரியாகிவிடும்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பமைப்பு இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து லினக்ஸுக்கு வந்த "கொலுசு" என்ற பெயரும், இங்கே தட்டச்சு செய்த "கொலுசு"வும் கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. கோப்பு கண்முன் இருந்தும் இல்லை என்று வரும், அல்லது ஒரே பாட்டு இரண்டு முறை நகலாகும். பெயரைத் தட்டாமல், ஒகரக் குறி சேராத "க" மட்டும் தட்டி டேப் விசையை அழுத்துங்கள், உள்ளபடியே நிரம்பும்.

பழைய எம்பி3 கோப்புகளில் பாட்டின் பெயர் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளோடு கூடிய எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி போன்ற எழுத்துருக் குறியீட்டில் உள்ளிட்டதாக இருக்கலாம். எஃப்எஃப்எம்பெக் அதை லத்தீன் என்று நினைத்து அப்படியே புதுக் கோப்பிலும் எழுதும். டிஸ்கி என்றால் லினக்ஸின் ஐகான்வ் நிரலால் மீட்கலாம்: குவியலை முதலில் ஐஎஸ்ஓ 8859-1 ஆக்கி, வந்த பைட்டுகளை டிஸ்கி என்று சொல்லி யுடிஎஃப்-8 ஆக்க வேண்டும். சரியான பெயரை எழுதும்போது ஒலியைத் திரும்பக் குறியேற்றத் தேவையில்லை; ஹைஃபன் சி காப்பி போட்டு, ஹைஃபன் மெட்டாடேட்டா என்பதன் பின் டைட்டில், சமக்குறி, மேற்கோளுக்குள் பெயர் கொடுத்தால் போதும். எஃப்எஃப்எம்பெக் இந்த விவரங்களை வழக்கமாக ஐடி3 என்ற குறிப்பு வடிவத்தின் 2.4 பதிப்பில் எழுதும். பழைய கார் ஸ்டீரியோக்கள் சில 2.3-ஐத்தான் படிக்கும். ஹைஃபன் ஐடி3வி2 அடிக்கோடு வெர்ஷன் 3 என்று சேருங்கள். அதற்குப் பிறகும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். கோப்பில் குறை இல்லை.

எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் கேட்க வேண்டும் என்று எஃப்எஃப்எம்பெக்கின் லவுட்நார்ம் வடிகட்டியைப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பேச்சுக்கு அது நல்லது. ஆலாபனைக்கு வேண்டாம். ஒரே சுற்றில் ஓட்டினால் அது போகப் போக ஒலியளவை மாற்றிக்கொண்டே இருக்கும். பாடகர் மந்தர ஸ்தாயியில் அடக்கிப் பாடும் இடத்தைத் தூக்கி, தாரத்தில் உயரும் இடத்தை அமுக்கும். பாட்டின் மேடுபள்ளமே தட்டையாகிவிடும். கூடவே, அந்த முறையில் வெளியீடு வினாடிக்கு 1,92,000 சாம்பிளாக வருகிறது. ஹைஃபன் ஏஆர் 44100 என்று சொல்ல மறந்தால் ஃபிளாக் கோப்பு காரணமில்லாமல் பெருத்துக் கிடக்கும். சத்தம்தான் பிரச்சினை என்றால் ரீப்ளேகெய்ன் குறிப்பைக் கோப்பில் எழுதுங்கள். ஒலியைத் தொடாமல், இசைக்கும் நேரத்தில் மட்டும் அளவைச் சரிசெய்யும்.

கேசட்டுகளை எண்ணிம வடிவுக்குக் கொண்டுவருபவர்களுக்கு: 24 பிட், 48,000 சாம்பிளில் பதியுங்கள். சி-60 கேசட்டின் ஒரு பக்கம், 30 நிமிடம், சுமார் 518 மெகாபைட் ஆகும். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் அளவை வையுங்கள். பதியும்போது வெட்டுப்பட்ட முகடு திரும்ப வராது. ஹிஸ் இரைச்சலைக் குறைக்க, சாக்ஸில் முதலில் நாய்ஸ்ப்ரோஃப் கொண்டு இரைச்சல் மாதிரி எடுத்து, பிறகு நாய்ஸ்ரெட் ஓட்ட வேண்டும். மாதிரியை நாடாவின் தொடக்கத்தில் இருக்கும் வெற்று லீடரிலிருந்து எடுக்காதீர்கள். அதில் காந்தப் பூச்சு இல்லை. அங்கே கேட்பது பிளேயரின் இரைச்சல் மட்டும். லீடர் முடிந்து பாட்டு தொடங்கும் முன் உள்ள இரண்டு வினாடிதான் வேண்டியது. நாய்ஸ்ரெட்டுக்குக் கொடுக்கும் அளவு 0.2 முதல் 0.3 போதும். எதுவும் சொல்லாவிட்டால் சாக்ஸ் எடுத்துக்கொள்ளும் 0.5-இல் மிருதங்கத்தின் ஓசை முனை மழுங்கிவிடும். சுத்தம் செய்யாத பதிவையும் வைத்திருங்கள். பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட் சாய்ந்திருந்து உச்ச ஒலிகள் மங்கியிருந்தால் இந்தக் கட்டளைகளில் எதுவும் உதவாது; ஹெட்டைச் சரிசெய்து மறுபடி பதிவதே வழி.

கேட்பதற்கு எஃப்எஃப்பிளே போதும். ஹைஃபன் நோடிஸ்ப் போட்டால் சன்னல் திறக்காது, ஹைஃபன் ஆட்டோஎக்ஸிட் போட்டால் பாட்டு முடிந்ததும் டெர்மினல் திரும்பும். இசை பயில்பவர்களுக்கு எம்பிவி என்ற பிளேயர் இன்னும் நல்லது. இடது சதுர அடைப்பு விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் வேகம் பத்தில் ஒரு பங்கு குறையும், சுருதி மாறாது. எல் விசையை ஒரு சங்கதியின் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் அழுத்தினால் அந்த இடமே சுழன்று சுழன்று ஒலிக்கும். மூன்றாம் முறை அழுத்தினால் விடுபடும்.

வேவ் கோப்புகளை அழிக்கும் முன் ஒரு சோதனை பாக்கி. ஃபிளாக் நிரலை ஹைஃபன் டி தேர்வோடு ஓட்டினால், உள்ளே பொதிந்திருக்கும் எம்டி5 கையொப்பத்தோடு (ஒலியிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) ஒலியை ஒப்பிட்டு, சரி என்றோ பிழை என்றோ சொல்லும். இரண்டு கோப்புகளை நேரடியாக ஒப்பிட, எஃப்எஃப்எம்பெக்கில் ஹைஃபன் எஃப் எம்டி5, கடைசியில் தனியாக ஒரு ஹைஃபன் என்று இரண்டுக்கும் ஓட்டி, வரும் 32 எழுத்துகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அது வழக்கமாக 16 பிட் அளவில்தான் ஒப்பிடும். 24 பிட் பதிவு என்றால் ஹைஃபன் எஃப் எம்டி5 என்பதற்கு முன்னால் ஹைஃபன் சி முக்காற்புள்ளி ஏ, பிசிஎம் அடிக்கோடு எஸ்24எல்இ என்று சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கீழ் 8 பிட் தொலைந்திருந்தாலும் இரண்டும் ஒன்று என்றே காட்டும்.