கல்லில் முளைத்த கோரைக்காடு

"எகிப்தின் கார்நாக் கோயில் படங்களில் எல்லாம் வெயில் கொளுத்துகிறதே, அந்தத் தூண் மண்டபத்தைப் போய் இருட்டு மண்டபம் என்கிறார்களே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அதன் கூரையில் பெரும்பகுதி இப்போது இல்லை, அவ்வளவுதான். கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் எகிப்திய மன்னர் முதலாம் சேத்தி எழுப்பி, மகன் இரண்டாம் ராம்சேஸ் சிற்ப வேலையை முடித்த காலத்தில் மண்டபம் முழுக்கக் கற்பலகைகள் மூடியிருந்தன.

எகிப்தியக் கோயில் கடவுளின் வீடு. ஊர் கூடிக் கும்பிடும் இடமல்ல. பொதுமக்களுக்குக் கருவறைப் பக்கமே அனுமதி கிடையாது. விடியற்காலையில் பூசாரி முத்திரையை உடைத்துக் கதவைத் திறப்பார். கார்நாக்கின் முதன்மைக் கடவுளான அமுன் சிலையைச் சுத்தம் செய்து, உடுத்தி, உணவு படைப்பார். திரும்பும்போது தன் காலடித் தடத்தையும் பெருக்கி அழித்துவிட்டு வருவார். வாசலிலிருந்து உள்ளே போகப் போகத் தரை உயரும், கூரை தாழும், வெளிச்சம் குறையும்.

சரி, 134 தூண்கள் எதற்கு? கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. உத்தரத்தின் மேல் எடை ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும்; விரிசல் அங்கேதான் கிளம்பும். அதனால் மணற்கல் உத்தரத்தைச் சில மீட்டருக்கு மேல் நீட்ட முடியாது. நெருக்கி நெருக்கித் தூண் வைத்தே ஆக வேண்டும்.

அந்தக் கட்டாயத்தை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். நடுப்பாதையை ஒட்டிய 12 தூண்களும் சுமார் 21 மீட்டர் உயரம். மற்ற 122 தூண்களும் சுமார் 15 மீட்டர்தான். நடுக்கூரைக்கும் பக்கக் கூரைக்கும் இடையே விழும் அந்த இடைவெளியில், செங்குத்துக் கம்பிகள் போலச் செதுக்கிய கல் சன்னல்களை வைத்தார்கள். வெயில் கோடு கோடாக நடுப்பாதையில் இறங்கும். பக்கங்களுக்குக் கசிவு மட்டும்தான்.

இப்போது தூண்களின் உச்சியைப் பாருங்கள். நடுவில் உள்ளவை விரிந்த பாப்பிரஸ் கோரைப் பூக்கள். பக்கத்தில் உள்ளவை மூடிய மொட்டுகள். வெளிச்சம் படும் இடத்தில் மலர்ச்சி, நிழலில் மொட்டு! உலகம் தொடங்கியபோது நீரிலிருந்து ஒரு மேடு எழுந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. கருவறை அந்த மேடு, மண்டபம் அதைச் சூழ்ந்த சதுப்பு நிலம். இன்னொன்று: பூவின் விளிம்பில் கூரை உட்காரவில்லை. பூவின் நடுவே சிறிய சதுரக் கல் ஒன்று உண்டு. எடை அதன் வழியே நேராகத் தண்டுக்கு இறங்கும். கீழே நிற்பவர் கண்ணுக்கு விளிம்பு அந்தக் கல்லை மறைத்துவிடும். பூ எதையும் சுமக்காதது போலவே இருக்கும்.

இதையெல்லாம் வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று பரப்புவோரைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கார்நாக்கின் முதல் வாயிற்கோபுரம் முடிக்கப்படாமலே நின்றுவிட்டது. கல் ஏற்றப் போட்ட சுடாத செங்கல் சரிவின் மிச்சம் அதன் பின்னால் இன்றும் கிடக்கிறது.

கோயிலுக்கு உண்மையான ஆபத்து நிலத்தடி நீர். கல்லுக்குள் ஏறிய நீர் காய்ந்ததும் நுண்துளைகளில் உப்பு படிகமாகிப் பருக்கும். மேற்பரப்பு பொடியாக உதிரும். புதிய கல்லறைகளைத் தேடும் செலவில் ஒரு பங்கையாவது வடிகாலுக்கு ஒதுக்க வேண்டும் என்பேன். 1899 அக்டோபர் 3 அன்று இந்த மண்டபத்தில் 11 தூண்கள் சாய்ந்தன. அவற்றை மீண்டும் நிறுத்திய பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜார்ஜ் லெக்ரேன் பழைய வழியையே எடுத்துக்கொண்டார்: மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் கற்களை இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.