வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன்

போன மழைக்காலத்தில் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு ஓர் எல்.இ.டி. விளக்கு வந்தது. வெளிச்சுவரில் மாட்டுவது. தண்ணீர் இறங்கக்கூடாதென்று உள்ளே இருந்த சர்க்யூட் போர்டின் மேல் ஹார்டுவேர் கடை சிலிக்கோனைத் தடிமனாக அப்பியிருந்தார்கள். பிளேடால் உரித்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. ஆனால் செம்புத் தடங்கள் முழுக்கப் பச்சைக் களிம்பு. மெல்லிய கம்பி ஒன்று தொட்டதும் ஒடிந்தது.

குற்றம் சிலிக்கோன்மேல் இல்லை, அது இறுகும் விதத்தில்தான்.

கடையில் 'சிலிக்கான்' என்றே கேட்டு வாங்குகிறோம். சிலிக்கான் என்பது தனிமம். சிலிக்கோன் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வொரு சிலிக்கான் அணுவிலும் பெரும்பாலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தவை) ஒட்டியிருக்கும். கீட்டோன் என்னும் கார்பன் சேர்மத்தைப் போன்றது என்று கருதி இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வேதியியலாளர் கிப்பிங் வைத்த பெயர் இது. சாதாரண ரப்பரின் கார்பன்–கார்பன் பிணைப்பைவிட சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு வலுவானது. அதனால்தான் சிலிக்கோன் ரப்பர் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்குகிறது. சங்கிலி எளிதில் வளைந்து கொடுப்பதால் கடுங்குளிரிலும் விறைப்பதில்லை. ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து எரித்தால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். அது சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். மற்ற ரப்பர் கரும்புகை விட்டுக் கருகும்.

சரி, களிம்பு எப்படி வந்தது? டியூபில் இருக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். மலிவான வகைகளில் பெரும்பாலும் அப்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும். மூக்கைத் துளைக்கும் வினிகர் வாடை அதுதான். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழமே இறுகும் என்பதால், தடிமனாக அப்பினால் அமிலம் பல நாள் உள்ளேயே கிடந்து செம்பைத் தின்னும். கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்ட இந்த வகை அருமையானது. செம்பு, கண்ணாடிப் பின்புற ரசப்பூச்சு, மார்பிள் இவற்றில் மட்டும் வேண்டாம். அங்கெல்லாம் டியூபில் 'நியூட்ரல் க்யூர்' (இறுகும்போது அமிலம் விடாத வகை) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சர்க்யூட் போர்டுக்கென்றால் மின்னணுப் பயன்பாட்டுக்கு என்றே விற்கும் நியூட்ரல் வகைதான் சரி.

இன்னொன்று, குளியலறை வகையில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். அதை வைத்து மீன்தொட்டி ஒட்டாதீர்கள், மீன் செத்துவிடும். குக்கர் கேஸ்கெட்டில் விரிசல் விட்டால் இந்த டியூபை வைத்து அடைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், புது கேஸ்கெட் வாங்குங்கள். கேஸ்கெட்டும் சிலிக்கோன், டியூபும் சிலிக்கோன் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. வாயுத் தொல்லைக்கு மெல்லும் மாத்திரையின் சிமெத்திகோன்கூட இதே குடும்பம்தான்; வயிற்றின் நுரைக் குமிழிகளை உடைத்துவிட்டு, உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். அது மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தது.

விளக்கு கொண்டுவந்தவர் அதே வகையில் இன்னும் நாற்பது விளக்குகளுக்குப் பூசி வைத்திருந்தார். பூசி ஒரு நாள்கூட ஆகவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து எல்லாவற்றையும் உரித்தோம்.