மண்டையோட்டு நரம்பு: ஒரு சொல் விளக்கம்

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அத்தைக்கு, ஒரு மார்கழிக் காலையில், குடித்த காப்பி இடது கடைவாயில் வழிந்தது. காப்பியும் சப்பென்று இருந்ததாம். முகம் கழுவும்போது இடக்கண் மூடாமல் சோப்பு நுரை உள்ளே போயிற்று. "காத்து அடிச்சிருச்சு" என்றார்கள் அக்கம்பக்கத்தார். சேலத்துக்கு அழைத்து வந்தோம். முகவாதம் என்று கண்ட மருத்துவர், "ஏழாவது மூளை நரம்பு பாதிச்சிருக்கு" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்தையின் காதில் விழுந்தது 'மூளை' மட்டுமே. "மூளையே போயிருச்சாமே கண்ணு" என்று பேருந்து நிலையம் வரும்வரை அழுதுகொண்டே வந்தார். அந்த நரம்புக்குச் சரியான பெயர் சொல்லப்பட்டிருந்தால் அந்த அழுகை இருந்திராது என்றே நினைக்கிறேன்.

மண்டையோட்டுத் துளைகள் வழியே வெளிவரும் நரம்பான கிரேனியல் நெர்வ் என்பதற்குத் தமிழில் மூளை நரம்பு, கபால நரம்பு, மண்டையோட்டு நரம்பு ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. மூலமான கிரானியான் என்ற கிரேக்கச் சொல் மண்டையோட்டைக் குறிக்குமே அன்றி, அதனுள் இருக்கும் மூளையைக் குறிக்காது. வடமொழிக் கபாலம் கலத்துக்கும் தலையோட்டுக்கும் பொதுப்பெயர். நம் 'மண்டை'யும் சங்கப் பாடல்களில் வாயகன்ற உண்கலமாகவே வருகிறது.

'நரம்பு' இதைவிட நீண்ட வழி வந்த சொல். பழந்தமிழில் அது யாழின் தந்தி. புறநானூற்றின் 278ஆம் பாடலில், "நரம்பெழுந்து உலறிய" முதியவளின் தோளில் அது தோலுக்கு மேல் புடைத்துத் தெரியும் குருதிக் குழாய். இன்றும் செவிலியர் 'நரம்பு கிடைக்கவில்லை' என்று முழங்கையில் தட்டித் தேடுவதும், காலில் முறுக்கிக்கொள்ளும் 'நரம்பு சுருட்டலும்' சிரையையே குறிக்கின்றன. கிரேக்க நியூரானும் தசைநாண், வில்நாண் என்ற பொருளிலிருந்தே இன்றைய பொருளுக்கு வந்தது. ஆகவே பேச்சு வழக்கைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மருத்துவம் எழுதும்போது மட்டும், உணர்வையும் ஏவலையும் கடத்தும் இழைக்கற்றைக்கு நரம்பு என்றும், குருதிக் குழாய்க்குச் சிரை, தமனி என்றும் பிரித்து எழுதினால் போதும்.

தண்டுவட நரம்புகள் 31 இணை. மண்டையோட்டு நரம்புகள் 12 இணை. பண்டைக் கிரேக்க மருத்துவர் காலென் ஏழு இணை என்று எண்ணினார். இன்றைய 12 என்ற வரிசையை 1778இல் வகுத்தவர் ஜெர்மானியரான சோமரிங். முகர்வுக்கும் பார்வைக்கும் உரிய முதல் இரண்டும் பெருமூளைப் பக்கத்தைச் சேர்ந்தவை. மற்றவை பெரும்பாலும் மூளைத்தண்டில் பிறப்பவை. பதினோராவது நரம்பில்தான் 'மூளை நரம்பு' என்ற பெயர் இடறுகிறது. தோளைக் குலுக்க உதவும் அந்த நரம்பின் முதன்மை இழைகள் கழுத்துத் தண்டுவடத்தில் பிறந்து, மண்டையின் அடியிலுள்ள பெருந்துளை வழியாக மேலேறி உள்ளே நுழைந்து, வேறொரு துளை வழியாக மீண்டும் வெளியேறுகின்றன. பிறந்த இடத்தால் அதை மூளை நரம்பு என்பது பொருந்தாது. கடந்துபோகும் மண்டையோட்டைக் கொண்டு அழைத்தால் தடையின்றிப் பொருந்தும்.

அத்தையின் நோயையும் அந்த ஓடுதான் விளக்குகிறது. ஏழாவதான முக நரம்பு, காதை ஒட்டிய எலும்புக்குள் ஏறக்குறைய 3 செ.மீ. நீளமுள்ள குறுகலான, வளைந்த கால்வாயில் ஊர்ந்து, காதுமடலுக்குக் கீழே வெளிவந்து முகத்தசைகளுக்குப் பரவுகிறது. நரம்பு வீங்கினால் எலும்பு விரிந்து இடங்கொடாது; நரம்பே நெரிபடும். கண்ணை மூடுவதும் உதட்டைக் குவிப்பதும் அதன் வேலை. நாக்கின் முன்புற மூன்றில் இரண்டு பங்கின் சுவையும் அதன் கிளை வழியே போகிறது என்பதால்தான் காப்பி சப்பென்று இருந்தது. நெற்றியைச் சுருக்கச் சொன்னபோது அத்தையின் இடப்பக்கம் வழவழவென்று அசையாமல் கிடந்தது. மூளைக்குள் அடைப்பு ஏற்பட்டு வாய் கோணினால் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், ஏனெனில் மேல்முகத்துக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் ஏவல் வருகிறது. எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. வாய் கோணியதும் தாமதமின்றிப் போய்விட வேண்டும்.

1916இல் ராஜாஜி தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் அமைத்து, தாவரவியல், வேதியியல், வானியல் போன்ற துறைகளுக்குச் சொல் ஆக்கத் தொடங்கியது இந்தச் சேலத்தில்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு நரம்பின் பெயர்களைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கு இயல்பாகவே தோன்றுகிறது. ஐந்தாவதுக்கு முக்கிளை நரம்பு, ஏழாவதுக்கு முக நரம்பு ஆகியவை நல்ல ஆக்கங்கள். பத்தாவதான வேகஸ் இலத்தீனில் அலைந்து திரிவது என்று பொருள்படும். கழுத்து, நெஞ்சு, இரைப்பை, குடல் என்று அது திரியும் வழியைப் பார்த்து இட்ட பெயர். அதை 'அலை நரம்பு' என்று சுருக்கினால் கடலலை நினைவுக்கு வரும் ஆதலால், ஓரெழுத்துக்கு மேல் கூடினாலும் 'அலையும் நரம்பு' என்றே நான் எழுதுகிறேன்.